காரின் பெட்ரோல் பம்ப்: வண்டலூர் ஹெரால்டு முதல் இன்று வரை ஒரு வரலாறு

முன்னுரை

வட இந்தியாவில் 'பெட்ரோல் பம்ப்' என்று சொன்னால் வண்டிக்கு எரிபொருள் போடும் இடம் என்று பொருள். தமிழ்நாட்டில் அந்த இடத்தின் பெயர் 'பெட்ரோல் பங்க்'. இங்கே 'பம்ப்' என்று ஒரு மெக்கானிக் சொன்னால் அது காருக்குள் இருக்கும் ஒரு சிறிய பாகத்தையே குறிக்கும். டேங்கில் இருக்கும் பெட்ரோலை எஞ்சின் வரை கொண்டு போய்ச் சேர்ப்பதுதான் அதன் வேலை. மனித உடலில் இதயம் செய்யும் வேலையைப் போன்றது என்று சொல்லலாம். அது நின்றால் காரும் நின்றுவிடும்!

இந்தச் சிறு பாகத்தின் வரலாற்றைத் தேடி இங்கிலாந்துக்கோ அமெரிக்காவுக்கோ மட்டும் போக வேண்டியதில்லை. தாம்பரத்திலிருந்து மறைமலை நகர் வரை ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள சுமார் 20 கிலோமீட்டர் தூரத்துக்குள்ளேயே அதன் பெரும்பகுதி நடந்து முடிந்திருக்கிறது. எஞ்சினுக்கு வெளியே, கைக்கு எட்டும் இடத்தில், ஸ்க்ரூடிரைவர் இருந்தால் போதும் என்ற நிலையில் இருந்த பம்ப், படிப்படியாக பெட்ரோல் டேங்குக்குள்ளேயே போய் மறைந்துகொண்டது. அதோடு சேர்ந்து அதைப் பராமரிக்கும் அறிவும் கார் வைத்திருப்பவரின் கையை விட்டுப் போனது. இந்த மாற்றம் ஏன் வந்தது, இதில் கிடைத்தது என்ன, இழந்தது என்ன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பம்பே இல்லாத காலம்

முதல் கார்களில் பலவற்றில் பெட்ரோல் பம்ப் என்ற ஒன்றே கிடையாது. டேங்க் உயரத்தில் இருக்கும், கார்புரேட்டர் தாழ்வாக இருக்கும், பெட்ரோல் தானாகவே இறங்கி வரும். மேல்நிலைத் தொட்டியிலிருந்து குழாய்க்குத் தண்ணீர் வருவதைப் போன்றதுதான் இது.

1908ல் வந்த புகழ்பெற்ற ஃபோர்டு மாடல் டி காரும் இப்படித்தான் ஓடியது. அதன் டேங்க் முன் இருக்கைக்கு அடியில் இருந்தது. சமதரையில் சிக்கல் இல்லை. செங்குத்தான மேட்டில் ஏறும்போது காரின் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். டேங்கைவிடக் கார்புரேட்டர் உயரமாகிவிடும். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருந்தால் எஞ்சின் அணைந்துவிடும். இதனால் செங்குத்தான மலைப்பாதைகளில் பலர் காரைத் திருப்பி ரிவர்ஸ் கியரில் ஏற்றினார்கள்! இன்று கேட்டால் வேடிக்கையாக இருக்கும். அன்று அது வாடிக்கை.

இதற்குத் தீர்வாக, எஞ்சின் உறிஞ்சும் காற்றின் வெற்றிடத்தைக் கொண்டே பெட்ரோலை இழுத்துத் தரும் 'வேக்குவம் டேங்க்' 1910களில் வந்தது. ஆனால் மேட்டில் ஆக்சிலரேட்டரை முழுமையாக அழுத்தும்போது வெற்றிடம் குறைந்துவிடும். அதாவது பெட்ரோல் அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் வரத்து குறையும். 1920களின் இறுதியில் எஞ்சினே இயக்கும் டயாஃப்ரம் பம்ப் பரவலான பிறகுதான் இந்தத் தொல்லை தீர்ந்தது. டேங்கைக் காரின் பின்பக்கம், தாழ்வாக, பயணிகளிடமிருந்து தள்ளி வைக்கவும் இதனால் வழி பிறந்தது.

வண்டலூர் தொழிற்சாலையும் ஹெரால்டும்

இந்த டயாஃப்ரம் பம்போடுதான் தென்சென்னைப் புறநகரின் கார் வரலாறு தொடங்குகிறது. 1948ல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம், பெருங்களத்தூரை ஒட்டி ஜி.எஸ்.டி. சாலையில் 'வண்டலூர் தொழிற்சாலை' என்று அழைக்கப்பட்ட ஆலையை நடத்தியது. முதலில் ஸ்டாண்டர்டு வேன்கார்டு, பிறகு ஸ்டாண்டர்டு டென், 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு எனக் கார்கள் அங்கிருந்து வெளிவந்தன. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுதான் இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆனது. அதில் இருந்தது 948 சி.சி. எஞ்சின்.

ஹெரால்டின் பானெட் மற்ற கார்களைப் போலத் திறக்காது. மட்கார்டுகளோடு சேர்ந்து மொத்த முன்பக்கமும் முன்னோக்கிக் கவிழும். மெக்கானிக் முன் டயரின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம்! எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் இரண்டு போல்ட்டுகளில் பொருத்தப்பட்டிருக்கும் பம்ப், கையை நீட்டினால் கிடைக்கும் இடத்தில் இருந்தது. 'ஏ.சி.' என்ற நிறுவனத்தின் பெயரைத் தாங்கி வந்ததால் இத்தகைய பம்புக்கு மெக்கானிக்குகளிடையே 'ஏ.சி. பம்ப்' என்றே பெயர் நிலைத்தது. குளிர்சாதனத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அது வேலை செய்யும் விதம் மிக எளிமையானது. எஞ்சினின் கேம்ஷாஃப்ட் சுற்றும்போது ஒரு கைபோன்ற நெம்புகோலை அசைக்கும். அந்த நெம்புகோல், ரப்பர் பூசிய துணியால் ஆன டயாஃப்ரத்தைக் கீழே இழுக்கும். மேலே வெற்றிடம் உண்டாகி, உள்வால்வு திறந்து, டேங்கிலிருந்து பெட்ரோல் வந்து நிரம்பும். பிறகு ஒரு ஸ்பிரிங் டயாஃப்ரத்தை மேலே தள்ளும். வெளிவால்வு திறந்து பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போகும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கார்புரேட்டரில் பெட்ரோல் நிறைந்துவிட்டால் அங்குள்ள ஊசி வால்வு வழியை அடைத்துவிடும். பெட்ரோல் போக இடமில்லாததால் டயாஃப்ரம் கீழேயே தங்கிவிடும். நெம்புகோல் மட்டும் சும்மா ஆடிக்கொண்டிருக்கும். தேவைப்படும்போது மட்டும் பெட்ரோல் தரும் இந்த ஏற்பாட்டுக்கு மின்சாரமும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம். அழுத்தம் வெறும் 2 அல்லது 3 பி.எஸ்.ஐ. மட்டுமே. கார் பல நாள் நின்றுவிட்டால், பம்பின் அடியில் உள்ள சிறு கைப்பிடியை நாலைந்து தடவை அசைத்துக் கார்புரேட்டரை நிரப்பிக்கொள்ளலாம்.

அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் பின்னாளில் மாருதி 800லும் இதே தத்துவத்தில் அமைந்த பம்புகள் ஓடின. விதிவிலக்கு மோரிஸ் மைனர் போன்ற கார்கள். அவற்றில் எஸ்.யூ. என்ற மின்சார பம்ப் இருந்தது. சாவியைத் திருப்பியதும் 'டிக் டிக் டிக்' என்று சத்தம் கேட்கும், நிரம்பியதும் நிற்கும். அதன் தொடர்புப் புள்ளிகள் கரிந்து நின்றுவிட்டால் ஸ்பேனரால் லேசாக ஒரு தட்டு தட்டுவார்கள், மறுபடி ஓடும்!

ஈரத்துணி வைத்தியம்

ஏ.சி. பம்பை விரித்துப் போட்டுப் பழுது பார்ப்பது அன்றைய மெக்கானிக்குகளுக்கு அன்றாட வேலை. கார் வைத்திருந்தவர்களிலும் பலருக்கு அது தெரியும். டயாஃப்ரம், வால்வு, கேஸ்கெட் எல்லாம் சேர்ந்த 'ரிப்பேர் கிட்' சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் கிடைக்கும். பழைய பம்ப் வேண்டுமென்றால் புதுப்பேட்டை.

நோய்க்குறிகளும் எளிதாகத் தெரியும். டயாஃப்ரம் கிழிந்தால் பம்பின் உடலில் உள்ள சிறு துளை வழியே பெட்ரோல் கசியும். சில நேரம் பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் கலந்துவிடும். டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தாலே தெரிந்துவிடும். ஆயில் நீர்த்துப்போனால் பேரிங்குகள் கெடும் என்பதால் இதை உடனே கவனிக்க வேண்டும். பல பம்புகளின் மேல் ஒரு கிண்ணம் இருக்கும். பெட்ரோலில் வந்த தூசும் தண்ணீரும் அதன் அடியில் தங்கும். கழற்றிக் கழுவி மாட்டினால் போதும்.

இந்தப் பம்பின் பெரிய பலவீனம் வெயில். பம்ப் கொதிக்கும் எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தூரத்தில் உள்ள டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுக்கிறது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவதால் பெட்ரோல் சீக்கிரமே கொதித்து ஆவியாகும். ஆவியை இந்தப் பம்பால் தள்ள முடியாது. இதற்கு 'வேப்பர் லாக்' என்று பெயர். சித்திரை வெயிலில் ரயில்வே கேட்டில் சிறிது நேரம் காத்திருந்துவிட்டுக் கிளப்பினால் கார் கிளம்பாது. அதற்கு வைத்தியம் பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிப் போடுவது. பத்து நிமிடத்தில் ஆவி மறுபடி திரவமாகும், கார் கிளம்பும். வெயில் காலத்தில் காரில் ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு துண்டும் எப்போதும் இருந்ததற்குக் காரணம் இதுதான்.

மறைமலை நகரும் புகை விதிகளும்

ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் கார் உற்பத்தி 1970களில் சரிந்தது. 1985ல் ரோவர் காரின் உடலோடு, பழைய 1991 சி.சி. எஞ்சினைப் பொருத்தி வந்த 'ஸ்டாண்டர்டு 2000' விலையிலும் பெட்ரோல் செலவிலும் எடுபடவில்லை. 1988ல் அதன் உற்பத்தி நின்றது. ஆலை இருந்த நிலத்தில் இன்று தகவல் தொழில்நுட்ப வளாகமும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நிற்கின்றன.

ஆனால் பம்பின் கதை சாலையில் இன்னும் சற்றுத் தெற்கே நகர்ந்து தொடர்ந்தது. 1985ல் சென்னையின் கார்புரேட்டர்ஸ் லிமிடெட் நிறுவனமும் ஜப்பானின் மிக்குனி நிறுவனமும் கூட்டாக யூகால் ஃப்யூயல் சிஸ்டம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கின. மறைமலை நகரில் அமைந்த அதன் ஆலையில் கார்புரேட்டர்களும் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்புகளும் தயாராயின.

பிறகு விதிகள் மாறின. 1995 ஏப்ரல் முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. ஈயமற்ற பெட்ரோலும் வந்தது. 2000ல் நாடு முழுவதும் யூரோ 1க்கு இணையான விதி, 2001ல் சென்னைக்கு பாரத் ஸ்டேஜ் 2 என்று வரம்புகள் இறுகின. புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்ய, எஞ்சினுக்குள் போகும் பெட்ரோலின் அளவு மிகத் துல்லியமாக இருக்க வேண்டும். கார்புரேட்டரால் அது இயலாது. எனவே எம்.பி.எஃப்.ஐ. எனப்படும் எலெக்ட்ரானிக் இன்ஜெக்ஷன் முறை வந்தது. 1998ல் இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் சான்ட்ரோ, 1999ல் மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஐகான் இரண்டும் இம்முறையில் வந்தவைதான்.

இன்ஜெக்டர் என்பது ஊசிமுனை போன்ற துளைகளால் பெட்ரோலைப் பனிபோலத் தூவும் கருவி. அதற்கு 2 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதாது. சுமார் 40 முதல் 50 பி.எஸ்.ஐ. வேண்டும், அதுவும் எஞ்சின் சுற்றத் தொடங்கும் முன்பே வேண்டும். ஏ.சி. பம்பால் இதைத் தர முடியாது. மின்சார மோட்டாரால் ஓடும் பம்ப் தேவைப்பட்டது. அது டேங்குக்குள்ளேயே வைக்கப்பட்டது.

பெட்ரோலுக்குள் மின்சார மோட்டாரா!

தீப்பிடிக்காதா என்று யாருக்கும் தோன்றும். எரிய வேண்டுமென்றால் பெட்ரோல் ஆவியோடு போதிய காற்றும் கலக்க வேண்டும். பெட்ரோலில் மூழ்கியுள்ள மோட்டாருக்குள் காற்றில்லை. டேங்கின் மேற்பகுதியிலும் பொதுவாக ஆவி மிகுந்து, எரிவதற்கான அளவைவிடக் காற்று குறைவாகவே இருக்கும்.

உள்ளே வைத்ததால் மூன்று நன்மைகள். பம்பைச் சுற்றியுள்ள பெட்ரோலே அதைக் குளிர்விக்கிறது. அதன் வழியே ஓடும் பெட்ரோலே உராய்வையும் குறைக்கிறது. மூன்றாவதாக, இந்தப் பம்ப் உறிஞ்சி இழுப்பதில்லை, டேங்கிலிருந்து அழுத்தித் தள்ளுகிறது. அழுத்தத்தில் உள்ள பெட்ரோல் எளிதில் கொதிக்காது. ஆகவே வேப்பர் லாக் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஈரத்துணிக்கு வேலை போய்விட்டது!

ஆனால் முதல் இரண்டு நன்மைகளுக்குள்ளேயே ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: டேங்கில் போதிய பெட்ரோல் இருக்க வேண்டும். எப்போதும் 'ரிசர்வ்' விளக்கு எரிய எரிய ஓட்டுபவரின் காரில் பம்ப் சூடாகும். டேங்கின் அடியிலுள்ள வண்டலும் வடிகட்டிக்கு வந்து சேரும். கெட்டுப்போனால் பல கார்களில் பின் இருக்கையைத் தூக்க வேண்டும், சிலவற்றில் டேங்கையே இறக்க வேண்டும். ரிப்பேர் கிட் என்ற பேச்சுக்கே இடமில்லை. பெரும்பாலும் மோட்டார், வடிகட்டி, மிதவை எல்லாம் சேர்ந்த முழுத் தொகுதியாகவே மாற்றுகிறார்கள். டயாஃப்ரம் ஒன்றை மாற்றிய காலத்தோடு ஒப்பிட்டால் செலவு பல மடங்கு.

வெள்ளம் கற்பித்த பாடம்

2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய பெருமழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 49 செ.மீ. மழை பதிவானது. அடையாற்றின் வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளையும் வாசலில் நின்ற கார்களையும் மூழ்கடித்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் புறநகரில் பல தெருக்கள் நீரில் நின்றன.

மூழ்கிய காரின் டேங்குக்குள் காற்றுக் குழாய் வழியாகவோ, சரியாக மூடாத மூடி வழியாகவோ தண்ணீர் புகலாம். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது, அதனால் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான்! வெள்ளம் வடிந்ததும் ஆவலோடு சாவியைத் திருப்பினால், பம்ப் முதலில் அனுப்புவது தண்ணீரைத்தான். காற்று வடிகட்டி வழியே நீர் சிலிண்டருக்குள் புகுந்திருந்தால் எஞ்சினே கெட்டுப்போகலாம். எனவே மூழ்கிய காரில் சாவியையே திருப்பாமல், பேட்டரி இணைப்பைக் கழற்றி, இழுத்துச் சென்று, டேங்கைக் காலி செய்த பிறகே கிளப்ப வேண்டும். பழைய ஹெரால்டில் இதே தண்ணீர் பம்பின் கிண்ணத்தில் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். இன்றைய பெட்ரோல் கார்களில் பார்ப்பதற்கு அப்படியொரு ஜன்னல் பொதுவாக இல்லை.

இதோடு எத்தனால் சேர்ந்திருக்கிறது. 2022ல் நாட்டில் பெட்ரோலோடு 10 சதவீத எத்தனால் கலக்கும் இலக்கு எட்டப்பட்டது. 2023 முதல் 20 சதவீதக் கலவை விற்பனைக்கு வந்து பரவியது. எத்தனால் நீரை ஈர்க்கும் குணம் கொண்டது. அளவு மிஞ்சினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடிக்குப் போகும். பழைய கார்களின் ரப்பர் டயாஃப்ரங்களும் குழாய்களும் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. உப்பிப்போகவோ வெடிக்கவோ கூடும். ஹெரால்டையோ பத்மினியையோ இன்றும் பேணி வருபவர்கள் எத்தனாலைத் தாங்கும் டயாஃப்ரத்தையும் குழாய்களையும் கேட்டு வாங்கிப் போடுவது நல்லது. காரை மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திவைப்பதையும் தவிர்க்க வேண்டும்.

இன்று உரிமையாளரின் கையில் மிஞ்சியிருப்பது

டேங்குக்குள் பம்ப் மறைந்துவிட்டாலும் செய்யக்கூடியவை சில இன்னும் உண்டு.

1. சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பியதும் பின் இருக்கைப் பக்கம் ஓரிரு விநாடி 'ம்ம்ம்' என்ற மெல்லிய ஒலி கேட்கும். பம்ப் அழுத்தம் ஏற்றும் சத்தம் அது. நல்ல நிலையில் இருக்கும்போதே அதைக் கேட்டுப் பழகியிருந்தால், ஒலி மாறும்போதோ நிற்கும்போதோ உடனே தெரியும்.

2. டேங்கில் கால்வாசிக்குக் கீழே இறங்க விடாமல் பெட்ரோல் போடுவது நல்லது.

3. எரிபொருள் வடிகட்டி தனியாக இருக்கும் கார்களில் அதைக் காலத்தில் மாற்ற வேண்டும். அடைத்த வடிகட்டியை எதிர்த்துத் தள்ளித் தள்ளியே பம்ப் சோர்ந்து போகிறது.

4. மேம்பாலத்தில் ஏறும்போது இழுவை குறைவது, வேகத்தில் திக்குவது, காலையில் நெடுநேரம் ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டியிருப்பது ஆகியவை பம்ப் பலவீனத்தின் அறிகுறிகளாக இருக்கலாம்.

5. ஒலியே இல்லை என்றால் முதலில் ஃபியூஸ், ரிலே, வயர் இணைப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மோதலின்போது பெட்ரோலை நிறுத்தும் 'இனெர்ஷியா சுவிட்ச்' உள்ள கார்களில் பெரிய பள்ளத்தில் விழுந்தாலே அது விடுபட்டிருக்கலாம். கசிவு இல்லை என்று உறுதி செய்துகொண்டு அழுத்திவிட்டால் போதும்.

6. பம்பை மாற்றச் சொன்னால், அழுத்தத்தை கேஜ் வைத்து அளந்து காட்டும்படி கேட்கலாம். அளக்காமல் மாற்றிய பம்புகளில் குற்றமற்றவையும் உண்டு.

குழாயில் அழுத்தம் தேங்கி நிற்பதால் இணைப்புகளை வீட்டில் கழற்றுவது ஆபத்தானது. அந்த வேலையைத் தெரிந்தவரிடம் விடுவதே சரி.

முடிவுரை

வரலாறு இங்கே ஒரு வட்டமும் அடித்திருக்கிறது. 2019ல் சென்னையில் தயாரான ஹூண்டாய் வென்யூவின் டர்போ எஞ்சின், பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் தூவும் முறையைக் கொண்டது. அதற்கு டேங்கிலுள்ள மின்சார பம்ப் போதாது. எஞ்சினில் கேம்ஷாஃப்ட்டால் இயங்கும் இன்னொரு பம்பும் வேண்டும். ஹெரால்டில் கேம்ஷாஃப்ட் தந்த 2 பி.எஸ்.ஐ. எங்கே, ஆயிரக்கணக்கான பி.எஸ்.ஐ. எங்கே! ஆனால் தத்துவம் ஒன்றுதான். மறுபக்கம், மின்சாரக் கார்களில் இந்தப் பம்பே கிடையாது. மறைமலை நகரின் ஃபோர்டு ஆலையும் 2022ல் கார் உற்பத்தியை முடித்துக்கொண்டது.

டேங்குக்குள் போன பம்ப் நகரத்தின் காற்றைக் கெடுக்கும் புகையைக் குறைக்க உதவியது. வெயிலில் நின்று போகும் தொல்லையைத் தீர்த்தது. அதற்கு ஈடாகச் சாலையோரத்தில் தானே பழுது பார்த்துக்கொள்ளும் சுதந்திரத்தை எடுத்துக்கொண்டது. பழைய காலத்துக்குத் திரும்ப முடியாது, திரும்பத் தேவையும் இல்லை. ஆனால் பம்ப் என்ன செய்கிறது என்று தெரிந்த ஒருவர், வெள்ளம் வடிந்த காலையில் சாவியைத் திருப்ப மாட்டார். ஒர்க்‌ஷாப்பில் பில்லை நீட்டும்போது சரியான கேள்வியைக் கேட்பார்.